வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ் 3200 ரேம்: பெட்டியில் போட்ட வேகம் கணினியில் வராவிட்டால்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிடிஆர்4 ரேம் கேட்டால் கவுன்ட்டரில் எடுத்து வைக்கிற பெட்டிகளில் கோர்செயர் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ் கட்டாயம் ஒன்றாக இருக்கும். கறுப்பு அலுமினியத் தகடு, விளக்கு அலங்காரம் எதுவும் கிடையாது, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, வேகம் 3200, சிஎல்16 (தரவு வரக் காத்திருக்கும் கடிகாரத் துடிப்புகள்; குறைந்தால் நல்லது). டிடிஆர்5 வந்த பிறகும், ஏஎம்4 மதர்போர்டோ (ஏஎம்டி ரைசனுக்கானது) டிடிஆர்4 ஸ்லாட் உள்ள 12-ஆம் தலைமுறை இன்டெல் போர்டோ வைத்திருப்பவர்கள் இதைத் தேடி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாங்கியவர்கள் சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றேதான்: "3200-னு போட்டிருக்கு, டாஸ்க் மேனேஜர்ல 2133-தான் காட்டுது."

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரேம் நல்ல ரேம். 2133 காட்டுவது பழுது இல்லை. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றும் அர்த்தம் இல்லை. பலருக்கு பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் அமைப்புத் திரை) ஒரே ஒரு அமைப்பை மாற்றினாலே 3200 வந்துவிடும். அப்படியும் வராதவர்களுக்கு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இந்த ரேமை வாங்கலாமா வேண்டாமா என்பதை அதுவே தீர்மானிப்பதால், இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி அதற்கே போகிறது.

ஏன் 2133?

ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்று ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. அந்த ஸ்டிக் எந்த வேகத்தில், எந்த டைமிங்கில் (சிஎல் முதலான காத்திருப்பு எண்கள்), எத்தனை வோல்ட்டில் ஓடும் என்ற விவரம் அதில் பதிந்திருக்கும். எல்பிஎக்ஸ் 3200-இல் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று ஜெடெக் என்ற மெமரித் தர அமைப்பு வகுத்தபடியான 2133, டைமிங் 15-15-15-36, 1.2 வோல்ட். மற்றொன்று எக்ஸ்எம்பி என்று இன்டெல் வகுத்த புரொஃபைல்: 3200, 1.35 வோல்ட், டைமிங் 16-20-20-38. மாடல் எண்ணில் 3200-க்கு முன்னால் ‘இ’ என்பதற்குப் பதில் ‘பி’ இருந்தால் டைமிங் 16-18-18-36. புது ரேம் போட்டு முதன்முதலாக ஆன் செய்யும்போது போர்டு ஜெடெக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ளும். எந்தப் போர்டில் போட்டாலும் திரையில் படம் வந்தாக வேண்டும் என்பதற்காக வைத்த அடிவேகம் அது. 3200 வேண்டுமானால் எக்ஸ்எம்பி கணக்கை நாம்தான் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியின் முகப்பில் 3200 என்று பெரிதாகப் போடுகிறவர்கள் இந்த ஒரு வரியையும் அதே அளவு எழுத்தில் போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

எல்லா 3200 ரேமும் இப்படி இல்லை. க்ரூஷியலின் தகடு இல்லாத சாதாரண 3200 ஸ்டிக் 1.2 வோல்ட்டில், சிஎல்22 டைமிங்கில், ஜெடெக் கணக்கிலேயே 3200 ஓடும். பிராசஸரும் போர்டும் ஏற்றுக்கொண்டால் பயாஸ் பக்கமே போக வேண்டாம். அலுவலகத்துக்கு, பில்லிங் கவுன்ட்டருக்கு, பயாஸைத் தொடத் தயங்கும் வீட்டுக்கு அதுதான் பொருத்தம். எல்பிஎக்ஸ் வாங்கி 2133-இல் ஓட்டுவதைவிட அது வேகமாகவே இருக்கும். எக்ஸ்எம்பி ஆன் செய்யத் தயாராக இருப்பவருக்கு எல்பிஎக்ஸ் மேல்.

எவ்வளவு மேல் என்பதற்குக் கணக்கு போடலாம். ஒரு சேனல், அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான ஒரு பாதை, ஒரு தடவைக்கு 8 பைட் நகர்த்தும். 2133-இல் நொடிக்கு சுமார் 17 ஜிபி, 3200-இல் 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக் சேர்ந்தால் 34-க்கும் 51-க்கும் உள்ள வித்தியாசம். காத்திருக்கும் நேரமும் குறைகிறது: 2133-இல் சிஎல்15 என்றால் சுமார் 14 நானோ நொடி, 3200-இல் சிஎல்16 என்றால் 10, சாதாரண 3200-இன் சிஎல்22 என்றால் 13.75. டேலியும் பிரவுசரும் ஓடும் கணினியில் இது கண்ணுக்குத் தெரியாது. ரைசன் 5 5600ஜி, ரைசன் 3 3200ஜி மாதிரி தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓடும் கணினியில் நன்றாகவே தெரியும். அங்கே கிராபிக்ஸுக்கும் இதே ரேம்தான் தீனி போடுகிறது.

முதலில் சரியாகப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் ஸ்பீட் என்று ஓர் எண் இருக்கும்; அது முழு வேகம். சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தில் டிராம் ஃப்ரீக்வென்சி என்று காட்டுவது அதில் பாதி. டிடிஆர் என்றாலே ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு தடவை தரவு நகரும் என்பதால் அங்கே 1600 என்று இருந்தால் 3200 சரியாக ஓடுகிறது என்று பொருள். 1600-ஐப் பார்த்துவிட்டுப் பாதி வேகம்தான் வருகிறது என்று ரேமைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடையில் சண்டை போட வேண்டாம். 1066 என்றிருந்தால் 2133. அப்போதுதான் வேலை இருக்கிறது.

அதே சிபியு-இசட்டில் எஸ்பிடி பக்கத்தையும் திறந்து பாருங்கள். கடைசிப் பத்தியில் எக்ஸ்எம்பி-3200 என்று இருக்க வேண்டும். மாடல் எண்ணும் ஸ்டிக்கர் மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தகட்டுக்கு அடியில் என்ன சிப் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லாததால், பெட்டி இல்லாமல் லூஸாக வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். எக்ஸ்எம்பி பத்தியே இல்லாத ஸ்டிக்கை யார் 3200 என்று விற்றாலும் வாங்கக் கூடாது, ஜெடெக் கணக்கிலேயே 1600 இருந்தால் ஒழிய.

ஸ்லாட்டும் முக்கியம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் இரண்டு ஸ்டிக்குக்கு உரிய இடம். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் ஒன்றும் இரண்டுமாகப் போட்டால் ஒரே சேனலில் இரண்டும் தொங்கும். அகலம் பாதியாகிவிடும், 3200 பிடிப்பதும் கஷ்டமாகிவிடும். ஒன்றிலும் மூன்றிலும் போட்டால் இரட்டைச் சேனல் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான போர்டுகளில் தடம் அந்த ஸ்லாட்டைத் தாண்டி இரண்டாவது ஸ்லாட் வரை ஓடி அங்கே வெறுமையாக முடிவதால் சிக்னல் எதிரொலித்துக் குழம்பும். 2133-இல் இது தெரியாது. 3200-இல் பூட் ஆகாமல் கழுத்தறுக்கும்.

எக்ஸ்எம்பி ஆன் செய்வது

ஆன் செய்தவுடன் டிலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். ஏசஸ் போர்டில் எஃப்7 அழுத்தி அட்வான்ஸ்டு பக்கம் போய், ஏஐ ட்வீக்கரில் ஏஐ ஓவர்கிளாக் ட்யூனரை எக்ஸ்எம்பி என்று மாற்ற வேண்டும். ஏஎம்டி போர்டாக இருந்தால் அதே இடத்தில் டிஓசிபி என்று இருக்கும். எம்எஸ்ஐயில் மேலே ஏ-எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்எம்பி என்ற பொத்தான். ஜிகாபைட்டில் ட்வீக்கர் பக்கம், பழைய போர்டில் எம்.ஐ.டி. பக்கம். ஏஎஸ்ராக்கில் ஓசி ட்வீக்கரில் லோட் எக்ஸ்எம்பி செட்டிங். எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வரலாம்.

சிலர் எக்ஸ்எம்பியைத் தொடாமல் ஃப்ரீக்வென்சியை மட்டும் 3200 என்று மாற்றிவிடுகிறார்கள். வோல்டேஜ் 1.2-லேயே நிற்கும், டைமிங்கைப் போர்டு தன்பாட்டுக்கு ஊகிக்கும். பூட் ஆகாது, அல்லது ஆகி ஒரு மணி நேரத்தில் நீலத் திரை வரும். பிறகு ரேம் மேல் பழி. புரொஃபைலை மொத்தமாக எடுத்துக்கொண்ட பிறகே தனித்தனியாக எதையும் மாற்ற வேண்டும்.

பிராசஸரும் போர்டும் விட்டால்தான்

ரேமை இயக்குவது பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! எக்ஸ்எம்பி ஆன் செய்தும் 2666-லேயே நிற்கிறது என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது போர்டின் பெயரை.

இன்டெல் 10-ஆம் தலைமுறை ஐ3, ஐ5-ஐ எச்410 அல்லது பி460 போர்டில் போட்டால் 2666-தான் உச்சம். ஐ7, ஐ9 என்றால் 2933. எந்த ரேம் போட்டாலும், எந்த பயாஸ் போட்டாலும் இது நகராது. இன்டெல் அந்தச் சிப்செட்டில் பூட்டி வைத்திருக்கிறது. 8, 9-ஆம் தலைமுறை ஐ5-ஐ எச்310, பி360 போர்டில் போட்டாலும் 2666. ஐ3-8100 என்றால் 2400. 7-ஆம் தலைமுறையில் 2400, 6-ஆம் தலைமுறை எச்110 போர்டில் 2133. இவர்களுக்கு 3200 ரேம் வீண் செலவு. சாதாரண 2666 ஸ்டிக்கும் 3200-உம் ஒரே விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், கெடுதல் எதுவும் இல்லை. கூடக் கொடுத்து வாங்க வேண்டாம்.

பி560 முதல் பி-வரிசைப் போர்டுகளில் ரேம் வேகத்தை இன்டெல் திறந்துவிட்டது. எச்510, எச்610 இன்னும் பூட்டுதான். ஆனால் 11, 12-ஆம் தலைமுறைப் பிராசஸர்களுக்கு 3200 அதிகாரபூர்வ வேகமே என்பதால் எல்பிஎக்ஸ் 3200 இவற்றில் எக்ஸ்எம்பியோடு ஓடிவிடும். ஐ3-12100, எச்610, இந்த ரேம் என்ற கூட்டணியில் சிக்கல் வருவது அபூர்வம்.

11-ஆம் தலைமுறைக்காரர்களுக்கு மட்டும் மறைவாக ஒரு பள்ளம் இருக்கிறது. ஐ5-11400 போன்றவற்றில் 3200 வைத்ததும் போர்டு தானாகவே கியர் 2-க்குப் போய்விடும். ரேம் 3200-இல் ஓடும், டாஸ்க் மேனேஜரும் 3200 என்றே காட்டும். ஆனால் மெமரி கன்ட்ரோலர் அதில் பாதி வேகத்தில் துடிக்கும், தாமதம் கூடிவிடும். அந்தத் தலைமுறையில் 3200-ஐ கியர் 1-இல் இன்டெல் உறுதியளித்தது ஐ9-11900கே வகைக்கு மட்டும்; மற்றவற்றுக்கு 2933 வரைதான். பி560 போர்டு பயாஸில் கியர் மோடைக் கையால் 1 என்று வைத்துப் பார்க்கலாம், பல பிராசஸர்கள் தாங்கும். தாங்காவிட்டால் 2933, கியர் 1 என்று விட்டுவிடுவது 3200, கியர் 2-ஐவிட நல்லது.

ஏஎம்டி பக்கம் நிலைமை தாராளம். பி450, பி550 மட்டுமல்ல, ஏ520 போர்டிலும் எக்ஸ்எம்பி ஓடும். ரைசன் 3000, 5000 வரிசைக்கு 3200 அதிகாரபூர்வ வேகம். பிராசஸருக்குள் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1600-இல், ரேமும் 1600-இல், ஒன்றுக்கு ஒன்றாக ஓடும். பெயரில் ஏமாந்துபோகிற இடம் 3200ஜி, 3400ஜி. மூவாயிரம் என்று எண் இருந்தாலும் உள்ளே இருப்பது முந்தைய ஜென்+ வடிவம். அதிகாரபூர்வ வேகம் 2933. நல்ல போர்டில் 3200 பிடிக்கலாம், பிடிக்காவிட்டால் ரேமைக் குறை சொல்ல முடியாது. 2017-இல் வந்த முதல் தலைமுறை ரைசன் என்றால் 2666 அதிகாரபூர்வம். 2933-ஐ எட்டினாலே திருப்திப்படலாம்.

ஆன் செய்தேன், திரை கறுப்பு

இங்கேதான் பலர் பதறி ஸ்விட்சை அணைத்துவிடுகிறார்கள். புது டைமிங்கைப் போர்டு பழகிக்கொள்ள நேரம் பிடிக்கும். ஃபேன் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். இரண்டு மூன்று தடவை அப்படி நடந்தாலும் கை வைக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள். முடியவில்லை என்றால் பெரும்பாலான போர்டுகள் தாமாகவே 2133-க்குத் திரும்பி, ஓவர்கிளாக்கிங் தோற்றுவிட்டது, எஃப்1 அழுத்து என்று திரையில் சொல்லும். அப்படியும் திரும்பாவிட்டால் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, போர்டில் சிஎல்ஆர் சிமாஸ், சிஎல்ஆர்டிசி அல்லது ஜேபேட்1 என்று எழுதிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து விநாடி தொட்டுப் பிடிக்கவும். ஊசி கிடைக்காவிட்டால் வட்டமான சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தாலும் போதும்.

அடுத்தது பயாஸ் அப்டேட். ஏஎம்4 போர்டுகளில் பழைய பயாஸ்தான் ரேம் சிக்கலுக்கு மிகப் பெரிய காரணம். கடையில் நெடுநாள் கிடந்த போர்டு என்றால் சந்தேகமே வேண்டாம். எஃப்ஏடி32-ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் கோப்பைப் போட்டு பயாஸுக்குள்ளிருந்தே ஏற்ற வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். நடுவில் கரன்ட் போனால் போர்டு செத்த மாதிரி ஆகிவிடும். அப்டேட் முடிந்ததும் எக்ஸ்எம்பி தானாக ஆஃப் ஆகியிருக்கும், மறுபடி ஆன் செய்ய வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு வேகம் குறைந்துவிட்டது என்ற புகாருக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

இன்னும் 3200 நிலையாக ஓடவில்லையா? எக்ஸ்எம்பியை ஆன் செய்து டைமிங், வோல்டேஜ் அப்படியே இருக்க, ஃப்ரீக்வென்சியை மட்டும் 2933 ஆக்குங்கள். அது நிலையாக ஓடினால் ஸ்டிக் கெட்டுப்போகவில்லை, கன்ட்ரோலரோ போர்டோ மூச்சு வாங்குகிறது என்று தெரிந்துவிடும். பிறகு 3000, 3066 என்று ஒவ்வொரு படியாக ஏறலாம். 3200-இல்தான் தடுமாறுகிறது என்றால் டிராம் வோல்டேஜை 1.35-லிருந்து 1.37, 1.38 என்று கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம், 1.40-க்கு மேல் இந்த ரேமுக்குத் தேவையில்லை. ஏஎம்டியில் எஸ்ஓசி வோல்டேஜ் 1.05-லிருந்து 1.10 வரை, கியர் டவுன் மோட் எனேபிள். இன்டெலில் கமாண்ட் ரேட் 2டி, சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ் 1.10, 1.15. ஆனால் 12-ஆம் தலைமுறையில் பெயரில் ‘கே’ இல்லாத பிராசஸர்களில் அந்த வோல்டேஜை மாற்ற விடமாட்டார்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

வோல்டேஜிலும் அசையவில்லை என்றால் ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் போட்டு 3200 சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்ததை. ஒன்று ஓடி மற்றது ஓடாவிட்டால் ஸ்டிக் பழுது, வாரன்ட்டிக்குப் போகலாம். இரண்டும் தனித்தனியே ஓடி, சேர்த்தால் ஓடாவிட்டால் சந்தேகம் போர்டு மேலும் பிராசஸர் மேலும். இன்டெல் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலே ஒரு சேனல் படுத்துவிடும். கூலரின் நான்கு திருகில் ஒரு பக்கம் அதிகமாக இறுகியிருந்தாலும் இதே கதைதான். தளர்த்தி, எதிரெதிர் மூலையாகச் சமமாக முடுக்கிப் பாருங்கள். எதுவும் கழற்றாமலே தீர்ந்துவிடுகிற கோளாறு இது என்பதால் போர்டை மாற்றும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது.

நான்கு ஸ்டிக் போட்டவர்கள் தனி ரகம். முதலில் ஒரு 2×8 கிட், ஒரு வருடம் கழித்து அதே மாடலில் இன்னொரு 2×8. பெட்டி ஒன்றுதான், உள்ளே சிப் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்பிஎக்ஸ் ஸ்டிக்கரில் ‘வெர்’ என்று ஆரம்பித்து ஓர் எண் பொடி எழுத்தில் இருக்கும். அதன் முதல் இலக்கம் சிப் யாருடையது என்று சொல்லிவிடும்: 3 என்றால் மைக்ரான், 4 சாம்சங், 5 ஹைனிக்ஸ், 8 நான்யா. 4-இல் தொடங்கும் ஜோடியையும் 5-இல் தொடங்கும் ஜோடியையும் கலந்தால் இரண்டுக்கும் உள்டைமிங் வேறு வேறு. 3200-இல் சேர்ந்து ஓடினால் அது உங்கள் அதிர்ஷ்டம். 2933 அல்லது 3000-இல் வைத்து நிம்மதியாக ஓட்டுவதே புத்திசாலித்தனம். 32 ஜிபி வேண்டும் என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே 2×16 கிட்டாக வாங்கிவிடுங்கள். கன்ட்ரோலருக்கும் நான்கு ஸ்டிக்கை இழுப்பதைவிட இரண்டை இழுப்பது சுலபம்.

விண்டோஸ் வந்துவிட்டது என்பதற்காக 3200 வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்தால் இலவசப் பதிப்பிலேயே நான்கு சுற்று ஓடும். ராத்திரி விட்டுவிட்டுப் படுக்கலாம். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒண்ணுதானே" என்று விடக் கூடாது. நிலையில்லாத ரேமின் ஆபத்து நீலத் திரை இல்லை, அதையாவது கண்ணால் பார்க்கிறோம். பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போது சிஆர்சி பிழை, காரணமில்லாமல் மூடிக்கொள்ளும் விளையாட்டு, ஒரு மாதம் கழித்துத் திறக்காமல் போகும் புகைப்படம் என்று அது சத்தமில்லாமல் டிஸ்க்கில் இருப்பதைக் கெடுக்கும். முதல் தடவை எக்ஸ்எம்பி ஆன் செய்யும் முன் முக்கியமானவற்றை வேறு டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

மூன்று விஷயம் நம் ஊரில் அதிகம் பார்க்கலாம். ஒன்று சிஆர்2032 பேட்டரி. எக்ஸ்எம்பி அமைப்பைக் கரன்ட் இல்லாத நேரத்தில் காப்பாற்றுவது அதுதான். பழைய போர்டில் பேட்டரி இறங்கியிருந்தால், சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்ட மறுநாளோ பவர் கட்டுக்குப் பிறகோ அமைப்பு அழிந்து மறுபடி 2133. அடையாளம் சுலபம்: கணினியின் தேதியும் நேரமும் கூடவே தப்பாக இருக்கும். பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும், 2.8-க்குக் கீழே இறங்கிவிட்டால் மாற்றிவிடுங்கள். பெட்டிக்கடை விலைதான்.

இரண்டாவது வெயில். டிசம்பரில் சோதித்துப் பிழையில்லாமல் ஓடிய அமைப்பு அக்னி நட்சத்திரத்தில் தடுமாறலாம். சிப் சூடேற ஏற அதிலுள்ள மின்னூட்டம் சீக்கிரம் கசியும்; 85 டிகிரியைத் தாண்டினால் புதுப்பிக்கும் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது டிடிஆர்4 விதி. எல்பிஎக்ஸின் தகடு மெல்லியது, காற்றுப்படாத கேபினெட்டில் அதனால் பெரிய பயன் இல்லை. முன்பக்கம் 120 மிமீ ஃபேன் ஒன்றாவது உள்ளே காற்று தள்ள வேண்டும். 3200-ஐ இறுதி செய்யும் சோதனையை ஏசி போடாமல், பகல் பன்னிரண்டு மணி வாக்கில் செய்து பாருங்கள்.

மூன்றாவது உப்புக் காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் என்று கடலை ஒட்டி இருப்பவர்களின் கணினியில் வருடங்கள் போகப் போக ஸ்டிக்கின் தங்க முனையில் மங்கலான படலம் படியும். கணினி ஓடும், ஆனால் முன்பு பிடித்த வேகம் பிடிக்காது. பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்ப்பது கடைகளில் வழக்கம். தங்கப் பூச்சு மெல்லியது என்பதால் அதைவிட 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் மெதுவாகத் துடைப்பது நல்லது. ஸ்லாட்டுக்குள் பிளோயர் மட்டும். எதையும் விட்டுக் குடையாதீர்கள்.

வாங்கும்போது

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிறு போக வேண்டாம், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். டிடிஆர்4 விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவதால் இரண்டு மூன்று கடை கேட்டுவிட்டே வாங்குங்கள்.

"கிட்டா, சிங்கிளா?" என்று கேளுங்கள். மாடல் எண் சிஎம்கே16ஜிஎக்ஸ்4எம்2இ3200சி16 என்று இருக்கும். 16ஜி மொத்தக் கொள்ளளவு, எக்ஸ்4 என்றால் டிடிஆர்4, எம்2 என்றால் பெட்டியில் இரண்டு ஸ்டிக், கடைசியில் சி16 என்பது சிஎல். எம்1 என்றிருந்தால் ஒற்றை. இரண்டு ஒற்றையைக் கையில் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றால் இரண்டின் வெர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் சரி. கிட்டாக வருவதைத் தொழிற்சாலையில் ஜோடியாகச் சோதித்து அடைத்திருக்கிறார்கள், அதற்குத்தான் அந்தப் பெட்டி.

கடையிலேயே அசெம்பிள் செய்கிறீர்கள் என்றால், "அண்ணே, எக்ஸ்எம்பி ஆன் பண்ணி டாஸ்க் மேனேஜர்ல 3200 காட்டுங்க, அப்புறம் பில் போடலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2133-இல் விட்டுவிட்டால் எந்தக் கணினியும் திரும்பி வராது என்று பல அசெம்பிளர்கள் அதைத் தொடுவதே இல்லை. கேட்டால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள், நின்று ஓடாவிட்டால் அங்கேயே மாற்றியும் வாங்கலாம்.

34 மிமீ உயரம் என்பது இந்த ரேமின் பெரிய வசதி. கோபுரம் மாதிரி நிற்கும் காற்றுக் கூலர்களுக்கு அடியில் இடிக்காமல் நுழைந்துவிடும். விளக்கு போட்ட வெஞ்சன்ஸ் ஆர்ஜிபி ப்ரோ 51 மிமீ, பல கூலர்களின் ஃபேனில் முட்டும். ரைசன் 3000, 5000, இன்டெல் 11, 12-ஆம் தலைமுறைக்காரர்கள் தயங்காமல் வாங்கலாம். பூட்டிய பழைய இன்டெல் போர்டுக்காரர்களும், பயாஸ் பக்கம் போகவே மாட்டேன் என்பவர்களும் சாதாரண ஜெடெக் ஸ்டிக்கே வாங்குங்கள்.

பில்லில் மாடல் எண்ணும் இரண்டு ஸ்டிக்கின் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். கிட்டில் ஒன்று மட்டும் பழுதானாலும் வாரன்ட்டிக்கு இரண்டையும் சேர்த்தே அனுப்பச் சொல்வார்கள். அது திரும்பி வரும் வரை கணினி நிற்கக் கூடாது என்றால் கைமாற்றுக்கு ஒரு 8 ஜிபி ஸ்டிக் ஏற்பாடு செய்துகொண்டு அனுப்புங்கள்.